இரண வைத்தியமும் தமிழும்

கேமரன் மலையினின்று தாப்பாவுக்கு இறங்கும் பாதையில் காது அடைக்காதவர் நம் தோட்டங்களில் எவருமிலர். தானா ராத்தா கடல் மட்டத்திற்கு மேல் 4,500 அடிக்கும் அதிகமான உயரத்திலுள்ளது. வளைந்து வளைந்து கீழிறங்குந்தோறும் வெளிக்காற்றின் அழுத்தம் மிகுந்து செவிப்பறையை உள்நோக்கித் தள்ளுகின்றது. எச்சிலை விழுங்கினால், மூக்கின் பின்புறத்தினின்று நடுச்செவிக்குச் செல்லும் ஒரு சிறு குழல் திறந்து, காற்று உட்புகுந்து அடைப்பு விலகும். சளி பிடித்த குழந்தைக்கோ அக்குழல் வீங்கி மூடிக்கொள்வதால், தாப்பா வருமளவும் அது வீறிட்டழும். எண்ணெய் காய்ச்சிக் காதில் விடுவது நம் பாட்டிமார் கண்ட முறை. ஆனால் கோளாறு இருப்பது காதின் வாயிலன்று. செவிப்பறைக்கு அப்பால், மூக்கின் பின்னால். காது, மூக்கு, தொண்டை என்னும் மூன்றும் ஒரே வைத்தியரிடம் ஒப்புவிக்கப்பட்டதன் பாதிக் காரணம் இக்குழலிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

16ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான யூஸ்டேக்கியோ என்பார் அக்குழலை விவரித்தெழுதினார். 1863இல் வியன்னா நகரத்து ஆடம் பொலிட்சர் என்பார், நோயாளிக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுத்து, அவர் விழுங்கும் அதே கணத்தில் ரப்பர்ப் பையொன்றால் மூக்கினுள் காற்றைச் செலுத்தி அடைப்பை நீக்கும் முறையை வெளியிட்டார். (மலாயாவில் ரப்பர்க் கன்று ஊன்றப்பட்டது அதற்கும் 14 ஆண்டுகளுக்குப் பின்னரே.) இத்தகைய வைத்தியர் ஒருவர் எவ்வாறு உண்டாக்கப்படுகிறார், எங்குத் தங்கி, எவரிடம், எந்தப் பாஷையில் கற்கிறார் என்பதன் சரித்திரத்தையே ஈண்டுக் கூற முற்படுகின்றோம். அச்சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் தமிழில் நிகழ்ந்தது. அதனை நம்மவருட் பலர் அறியார்.

இம்மூன்று உறுப்புகளும் இருட்டறைகள். உயிருள்ள மனிதனுடைய குரல்வளை அசைவதை முதன்முதல் தெளிவாகக் கண்டு உலகிற்குரைத்தவர் வைத்தியரேயல்லர், பாட்டு வாத்தியார். மானுவேல் கார்ஸியா என்னும் ஸ்பானியர், 1854இல், பல் வைத்தியர் கையாளும் நீண்ட காம்புடைய சிறு கண்ணாடியைத் தம் தொண்டையுள் வைத்து, கைக்கண்ணாடியொன்றால் வெயிலை அதன்மேல் திருப்பித் தம் குரல்வளையைத் தாமே பார்த்தார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சங்கத்தில் அச்செய்தி வெளியாயிற்று. பின்னர் டியூர்க், செர்மாக் என்னும் வைத்தியரிருவர் அக்கண்ணாடியை நோயறியும் கருவியாக்கி, தாமே முந்தியவரென்று தம்முள் வழக்காடினர். 1873இல் வியன்னா பெரிய ஆஸ்பத்திரியில் காதுக்கெனவே ஒரு சிகிச்சைச் சாலை திறக்கப்பட்டுப் பொலிட்சரும் குரூபரும் அதற்குத் தலைவராயினர். பல நாட்டு இளைஞர் அங்கே சென்று கற்றனர்.

நிற்க. கண்ணால் காண்பது ஒன்று. கத்தி பிடிப்பது வேறொன்று. கத்தி பிடிக்குங் கையை எவ்வாறு பழக்குவது என்பது பழைய கேள்வி. சுசுருத ஸம்ஹிதை இதற்குச் செவ்விய விடையொன்று தருகின்றது. அறுக்கப் பழகுவோன் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் பழகவேண்டும். சுரண்டப் பழகுவோன் மயிர் நீங்காத தோலிலும், தைக்கப் பழகுவோன் துணியிலும் மெல்லிய தோலிலும் பழகவேண்டும். கட்டுக்கட்டப் பொம்மை வேண்டும். உடலின் உள்ளமைப்பை அறியப் பிணத்தை நீரிலிட்டு ஊறவைத்துச் சிறிது சிறிதாகச் சுரண்டிப் பார்க்கவேண்டும். இவ்வளவு நுண்ணறிவோடு எழுதிய அந்நூலே, எவரைச் சீடனாகச் சேர்க்கலாமென்னும் இடத்தில் முதல் மூன்று வருணத்தாரையே கூறி, நான்காம் வருணத்தானுக்கு மந்திரமும் உபநயனமும் இன்றிக் கற்பிக்கலாமென்பது சிலர் கொள்கையென்று ஒதுக்கிவிடுகின்றது.

அதன் பயன் என்னாயிற்று? பிணத்தைத் தொடுவது தீட்டென்றாயிற்று. நூலைக் கையில் வைத்திருந்தவர் கத்தியைக் கைவிட்டனர். கத்தியைக் கைவிடாதவருக்கோ நூல் எட்டவில்லை. 1792ஆம் ஆண்டு யுத்தத்தில் ஆங்கிலப் படைக்கு மாடோட்டிய கவாஸ்ஜி என்னும் மராட்டியனைத் திப்புவின் ஆட்கள் பிடித்து மூக்கையும் ஒரு கையையும் அறுத்துவிட்டனர். அவனுக்குப் பூனாவையடுத்த ஓரிடத்தில் புது மூக்கு வைத்தவன் பண்டிதனல்லன். செங்கல் செய்யும் சாதியானொருவன். இழந்த மூக்கின் அளவிற்கு மெழுகுத் தகடொன்று செய்து, அதனை நெற்றியில் விரித்து வரைந்து, அவ்வரைவின்படி தோலை உரித்து, புருவத்திடையே ஒரு சிறு காம்பு மட்டும் அறாமல் வைத்துக் கீழே திருப்பிப் பொருத்தினான். ஒட்டுவதற்கு அவன் கொண்டது காசுக்கட்டி. வெற்றிலையோடு நம்மவர் மெல்லும் அதே காசுக்கட்டி. ஏறக்குறைய 25ஆம் நாள் காம்பு அறுக்கப்பட்டது. இச்செய்தி 1794இல் லண்டன் மாதப் பத்திரிகையொன்றில் படத்தோடு வெளிவந்தது. அதனைக் கண்ட கார்ப்யூ என்னும் ஆங்கில இரண வைத்தியர் பல்லாண்டு ஆராய்ந்து 1814இல் தாமும் செய்து, 1816இல் நூலாக வெளியிட்டார். இன்று உலகெங்கும் மூக்கு வைத்தியர் இம்முறையை 'இந்திய முறை' என்றே கற்கின்றனர். அச்செங்கல்லறுப்போன் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. குலத்தொழிலாக மகனுக்கு மட்டும் காட்டப்படும் வித்தை, மகனில்லாத வீட்டில் அவிந்துபோகும். பள்ளிக்கூடம் வேண்டுவது இதனாற்றான்.

மேனாட்டிலும் இரண வைத்தியப் பள்ளி ஒரே நாளில் அமைந்ததன்று. அமெரிக்காவில் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்பார் ஏற்படுத்திய முறையே இன்றைய பயிற்சிக்குத் தாய். பட்டம் பெற்ற இளைஞர் ஆஸ்பத்திரியிலேயே வசிக்கவேண்டும். 'ரெசிடென்ட்', அதாவது உறைவோர், என்னும் பெயர் அதனால் வந்தது. ஆண்டாண்டாகப் பொறுப்பு ஏறும்; பலர் நுழைவர், உச்சிக்குச் செல்பவர் ஒருவரே. இத்தனை கடுமையான ஒழுங்கை வகுத்த ஹால்ஸ்டெட், வலிமறக்கும் மருந்தாகக் கொக்கெயினைத் தம்மீதே சோதித்து அப்பழக்கத்திற்கு அடிமையானவர். அக்கொக்கெயினே 1884இல் கார்ல் கோலரால் கண்ணுக்கும், உடனே பிறரால் மூக்குக்கும் தொண்டைக்கும் பயன்பட்டு இத்துறையை வளர்த்தது என்பது விசித்திரம். ஹால்ஸ்டெட்டின் சீடர் சாமுவேல் குரோ 1912இல் அங்கே காது மூக்கு தொண்டைப் பகுதியை ஏற்றார். 1924இல் அமெரிக்காவில் இத்துறைக்கெனப் பரீட்சைச் சபை ஏற்பட்டது. உறங்காத வைத்தியர் கையில் நோயாளி படும் அபாயம் வெகுகாலம் பேசப்படவில்லை. 1984இல் நியூயார்க்கில் 18 வயதுப் பெண்ணொருத்தி ஆஸ்பத்திரியில் இறந்த வழக்கினால் அக்கேள்வி எழுந்தது. வாரத்திற்கு 80 மணிக்கு மேல் வேலை கூடாதென்னும் பொதுவிதி அந்நாட்டில் 2003இல்தான் வந்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலை நேரத்தைக் கணக்கிட்டுப் பேரேட்டில் பதியும் நமக்கு அத்தொகை சற்றும் குறைவாகத் தோன்றவில்லை!

இனித் தமிழ் அத்தியாயத்திற்கு வருவோம். ஹால்ஸ்டெட்டுக்கு 40 ஆண்டுகளுக்கு முன்னரே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில், தமிழ் இளைஞர் சிறு சிறு வகுப்புகளாகச் சேர்ந்து மேனாட்டு வைத்தியமும் இரண வைத்தியமும் பயின்றனர். கற்பித்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் நாட்டு வூஸ்டரில் பிறந்து, நியூயார்க்கில் வைத்தியம் கற்று, 1847இல் இலங்கை சேர்ந்தவர். அவர் மதம் பரப்பும் சங்கத்தால் அனுப்பப்பட்டவரென்பதையும், மருந்தோடு வேதமும் கொடுக்க வந்தவரென்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. நம் பார்வைக்குரியது, அவர் விட்டுச்சென்ற வேலை.

1848 முதல் நடந்த அப்பள்ளியில் அறுபதுக்கு மேற்பட்டோர் கற்றுத் தேறினர். முதலில் ஆங்கிலத்திலேயே பாடம் நடந்தது. ஆனால் ஆங்கிலத்தில் கற்றவர் கிராமத்தில் தங்குவதில்லை. உத்தியோகத்தை நாடி நகரத்திற்குச் செல்கின்றனர் என்பதைக் கிறீன் கண்டார். மேனாட்டு உடையும் நடையும் பூண்ட வைத்தியர் தம்மூராரினின்று பிரிந்துபோவதையும் அவர் விரும்பவில்லை. ஆதலின் 1857இல் தாய்நாடு சென்று 1862இல் திரும்பிய பின்னர், அவர் பாடத்தைத் தமிழுக்கே மாற்றினார். சொல்வது எளிது. நூலெங்கே? எலும்புக்கும் நரம்புக்கும் இரத்தக்குழலுக்கும் நூற்றுக்கணக்கான பெயர் எங்கே? தாமும் தம் மாணவருமாக உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாக ஆக்கினார். கட்டருடைய உடல் நூல், பிரசவ வைத்தியம், ட்ரூயிட்டின் இரண வைத்தியம், கிரேயின் 'மனுஷ அங்காதிபாதம்', ஹூப்பரின் 'வைத்தியாகரம்', வெல்ஸின் 'கெமிஸ்தம்' எனத் தொகுதி தொகுதியாகத் தமிழில் வந்தன. இரண வைத்தியம் அச்சேறியது 1867இல், அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872இல், கெமிஸ்தம் 1875இல். ட்ரூயிட்டின் மூலநூலில் காதுநோய், மூக்குநோய், தொண்டைநோய் யாவற்றுக்கும் பகுதிகள் உண்டு. மூச்சடைத்துச் சாகக்கிடப்பவனுடைய மூச்சுக்குழலைக் கழுத்தில் திறக்கும் முறையும் உண்டு. வியன்னாவில் காதுச் சாலை திறப்பதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே, யாழ்ப்பாணத்துப் பையன் அந்நூலைத் தன் தாய்மொழியில் வாசித்தான்.

கலைச்சொல் ஆக்குவதில் கிறீன் கொண்ட விதி இன்றும் எண்ணத்தக்கது. முதலில் தமிழில் வழங்குஞ் சொல்லைத் தேடுக; இல்லையேல் வடமொழியில் தேடுக; அங்குமில்லையேல் ஆங்கிலத்தைப் பெயர்த்தோ எழுத்துமாற்றியோ கொள்க என்பது. இதன்படி உடலமைப்பு நூல் 'அங்காதிபாதம்' ஆயிற்று. உறுப்புத் தொழில் நூல் 'சுகரணம்' ஆயிற்று. வேதிநூல் 'கெமிஸ்தம்' ஆயிற்று. இச்சொற்களுட் பல இன்று நம் காதுக்குக் கரடுமுரடாகவே ஒலிக்கின்றன. வடமொழி மிகுதி நமக்கும் உவப்பன்று. ஆனால், சொல் அழகாயமையும் வரை காத்திருப்போமென்று அவர் இருந்திருந்தால் ஒரு நூலும் வந்திராது. புழங்கப் புழங்கச் சொல் மெருகேறும். பெட்டியில் பூட்டிய சொல்லுக்கு மெருகேது?

1873இல் உடல் நலிந்து கிறீன் அமெரிக்கா திரும்பினார். அங்கிருந்தும் மொழிபெயர்ப்பை விடவில்லை. 'மனுஷ சுகரணம்' 1883இல் அச்சாயிற்று. 1884இல் அவர் இறந்தார். தமிழில் வைத்தியம் கற்பித்தலும் அவருக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை நின்றது, பாடம் நின்றுபோயிற்று.

தமிழால் முடியவில்லை என்று இதற்குக் காரணம் கூறுவாருளர். அது பொய். முடிந்தது என்பதற்கு அச்சேறிய நூல்களும் தேறிய வைத்தியரும் சாட்சி. 1870இல் கொழும்பில் அரசாங்க வைத்தியப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கிற்று. அங்குக் கற்றவனுக்கு அரசாங்கச் சம்பளமுண்டு. தமிழில் கற்றவனுக்கு ஊரார் கொடுப்பதே கூலி. இரண்டு பாதை முன்னிருக்க, ஒன்றன் முடிவில் மட்டும் சம்பளமிருந்தால், ஏழைத் தகப்பன் பிள்ளையை எப்பாதையில் அனுப்புவான்? அவனைக் குறைகூற நமக்கு வாயில்லை. யாழ்ப்பாணத்து ஆங்கிலப் பள்ளிகளில் தேறிய இளைஞர், 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் கப்பலேறி இம்மலாய் நாட்டிற்கு வந்து ரயில்வேயிலும் கச்சேரியிலும் ஆஸ்பத்திரியிலும் கிராணிகளாகவும் டிரஸர்களாகவும் அமர்ந்தனர். தோட்டத்துக் கிராணி வேலையென்பதே அவ்வழியில் வந்தது. ஆங்கில வழியில் படித்து, ஆங்கிலத்தில் கணக்கெழுதி, இக்கட்டுரையை மட்டும் தமிழில் எழுதும் நாமும் அப்பாதையின் சந்ததியே.

இந்நாட்டிலும் வைத்தியப் படிப்பு ஆங்கிலத்திலேயே வேரூன்றியது. டான் ஜியாக் கிம் என்னும் சீனப் பிரமுகர் தலைமையில் 1904இல் விண்ணப்பம் செய்து, பொதுமக்கள் 87,077 டாலர் திரட்டிக் கொடுக்க, 1905இல் சிங்கப்பூரில் வைத்தியப் பள்ளி திறந்தது. 23 பேர் சேர்ந்தனர். 1910இல் 7 பேர் தேறி வெளிவந்தனர். அதுவே பின்னர் ஏழாம் எட்வர்ட் பெயரால் வழங்கிற்று. 1949இல் அது மலாயாப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. பொதுமக்கள் பணத்தால் எழுந்த பள்ளியென்பதை மறவாதிருத்தல் நன்று.

இன்று மலேசியாவில் ஒரு பிள்ளை காது மூக்கு தொண்டை வைத்தியராக வேண்டின் நடக்க வேண்டிய தூரம் கொஞ்சமன்று. பட்டப்படிப்பு, அதன்பின் ஆஸ்பத்திரியில் பயிற்சி வைத்தியராக ஈராண்டு (2008க்கு முன் ஓராண்டாக இருந்தது), பின் சில ஆண்டு பொது வைத்திய அதிகாரி, அதன்பின் இடங்கிடைத்தால் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு மேற்படிப்பு. இடங்கிடைத்தால் என்னும் சொல்லில்தான் பலருடைய இளமை கரைகின்றது. 2016ஆம் ஆண்டின் இறுதி முதல் புதிய வைத்தியரை அரசாங்கம் ஒப்பந்தத்தின் பேரில் வேலைக்கு வைக்கத் தொடங்கியது. நிரந்தர வேலையுமில்லை, மேற்படிப்புக்கு நிச்சயமுமில்லை என்று, 2021ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், கொள்ளைநோய்க் காலத்திலேயே, இளம் வைத்தியர் பலர் ஆஸ்பத்திரி வாயிலில் வந்து நின்றனர். லயத்து வீட்டினின்று படித்தேறிய பிள்ளைக்கு இவ்வாண்டுகளின் செலவைத் தாங்க ஆளேது?

உள்ளே சென்றவரின் வாழ்க்கையும் எளிதன்று. செவியின் பின்னுள்ள பொட்டெலும்பைத் துளைக்கக் கற்பதற்கு, இறந்தோர் எலும்பைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியின் கீழ் வைத்துத் துளைப்பானால் மணிக்கணக்காகப் பழகவேண்டும். அவ்வெலும்பினுள்ளேதான் உடலிலேயே மிகச் சிறிய எலும்பாகிய அங்கவடி எலும்பு இருக்கின்றது. அதன் உயரம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அதற்கு மிக அருகில் முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகின்றது. கை சிறிது தவறினால் நோயாளிக்கு ஒரு பக்கத்து முகம் வாழ்நாள் முழுதும் தொங்கிப்போம். சுசுருதர் சொன்ன பூசணிக்காயின் இடத்தை இவ்வெலும்பு பிடித்துள்ளது, அவ்வளவே. இரவிலோ, காசை விழுங்கிய குழந்தையும், மூக்கில் இரத்தம் நில்லாத கிழவரும், தொண்டை வீங்கி மூச்சு முட்டுவோரும் வருவர். விளையாட்டுப் பொருளின் பொத்தான் பாட்டரியை விழுங்கிய குழந்தையெனின் விடியும் வரை பொறுக்கலாகாது; இரண்டு மணி நேரத்திலேயே அது உணவுக்குழலைப் புண்ணாக்கத் தொடங்கும். பயிலும் வைத்தியர் ஓடவேண்டும், மூத்தவரை எழுப்பவேண்டும்.

இத்துறை நம் தோட்டத்து மக்களை மிக நெருங்கித் தொடுவது வேறோரிடத்திலாகும். மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியரிடையே, அவரிலும் பெண்களிடையே, அவர்தம் தொகைக்கு மிஞ்சிக் காணப்படுகின்றது. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வழக்கமே முதற்காரணம். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுக்குக் காரணமென்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2004இல் வெளியிட்டது. ஆறாத வெள்ளைப் புண்ணை 'வாய் வெந்துபோயிற்று' என்று மாதக்கணக்கில் பொறுத்திருந்து, தாடை திறக்க முடியாதபோது ஆஸ்பத்திரிக்குச் செல்வோர் பலர். 'வாய் வெந்தது' என்னும் சொல்லைக் கேட்டவுடனே நாவைத் தூக்கிப் பார்க்கும் வைத்தியர் ஒருவர் வேண்டும்.

கேமரன் மலையில் இன்று கொழுந்தெடுப்போருட் பலர் வங்காளதேசத்தினின்றும் நேபாளத்தினின்றும் வந்தவர். அவருக்கும் இதே சங்கடமுண்டு. காதும் மூக்கும் பற்றிய நோய்களிற் சில எந்தக் கண்ணாடிக்கும் அகப்படுவதில்லை. காதிரைச்சலைப் பிறரெவரும் பார்க்க முடியாது. தலைச்சுற்றை உற்றவரே சொல்ல முடியும். தலை மட்டும் கிறுகிறுக்கிறதா, வீடே சுழல்கிறதா என்பதில் நோய் மாறும், மருந்து மாறும். எழுபது வயது மூதாட்டி, 'காதுக்குள்ளே சங்கு ஊதுது சாமி, படுத்தால் அலையடிக்குது' என்கிறாள். கூடச் சென்ற பேத்தி, மலாய்ப் பள்ளியிற் படித்தவள், சற்று விழித்து, 'புஞி' என்று மொழிபெயர்க்கிறாள். சத்தம் என்று பொருள். வைத்தியர் அதனையே ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக எழுதிக்கொண்டு அடுத்தவரை அழைக்கிறார். சங்கும் அலையும் அச்சீட்டில் ஏறவில்லை.